தோட்டப்புறத்தில் பார்சல் டெலிவரியும் ரிட்டர்னும்: புதிய டெஸ்பேட்சுக்கு முழுமையான வழிகாட்டி

சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் டெஸ்பேட்ச் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரவாங், ஷா ஆலம் பக்கம் ஓடிப் பழகியவர்கள்கூட இங்கே வந்ததும் திணறுகிறார்கள். வண்டி ஓட்டத் தெரியும், ஆப் தெரியும், உழைப்புக்கும் குறைவில்லை. இருந்தாலும் சாயங்காலம் பார்த்தால் பாதிப் பார்சல் வேனிலேயே திரும்பி வருகிறது.

தோட்டப்புறத்தில் ஒரு நாளின் பலன் பெரும்பாலும் வண்டி கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முகவரி சரியா, ஆள் வீட்டில் இருக்கும் நேரம் எது, பார்சல் வேனில் எங்கே இருக்கிறது, இந்த மூன்றையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் தீர்த்துக்கொண்டவர் நிதானமாக ஓட்டினாலும் முடித்துவிடுவார். தீர்க்காதவர் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பூட்டிய வாசலுக்குத்தான் சீக்கிரம் போய்ச் சேருவார். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் நான்கு படிகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன், காரணம் அதுதான்.

1. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

கூகுள் மேப்பில் இந்த வட்டாரத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஃபோன் லைன் விட்டு விட்டுத்தான் வரும். லைன் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். படம் ஃபோனிலேயே இருந்தால் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துகொண்டே இருக்கும். பவர்பேங்க் கட்டாயம்.

தடித்த மார்க்கர் பேனா, அகலமான டேப், பெரிய பிளாஸ்டிக் பைகள், சின்ன டார்ச் லைட். இவற்றில் பாதி ரிட்டர்னுக்குத்தான் தேவைப்படும், பின்னால் சொல்கிறேன். சிஓடி, அதாவது கொடுக்கும்போது பணம் வாங்க வேண்டிய பார்சல்களுக்கு 1 ரிங்கிட், 5 ரிங்கிட் நோட்டாகச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் 50 ரிங்கிட் நோட்டை நீட்டினால் பக்கத்தில் மாற்றக் கடை இருக்காது.

ஒரு நோட்டுப் புத்தகம். ஆப் இருக்கும்போது இது எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். ஆப்புக்குத் தெரியாததை எழுதி வைக்கத்தான். எதை எழுதுவது என்பது 2ஆம் படியில்.

ரூட் கையில் கிடைத்ததும், பார்சல் எடுத்துப் போவதற்கு முன்பே, தோட்ட ஆபீஸுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கிராணியை (ஆபீஸ் குமாஸ்தாவை) பார்த்து உங்கள் பெயர், கம்பெனி, வண்டி எண், வரும் நேரம் எல்லாம் கொடுங்கள். எந்தச் சாலையில் செம்பனைக் குலை லாரி ஓடுகிறது, எந்தப் பாலம் வேனைத் தாங்காது, லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எண் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு நடையை விட்டுவிட்டு, வேன் நிறைய பார்சலோடு முதன்முதலில் கேட்டில் போய் நிற்கிறவர் ஜாகாவிடம் (காவலாளியிடம்) விளக்கம் சொல்லியே காலையைக் கழிப்பார்.

பார்சலுக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஓடுகிறவர்கள் பலர் கம்பெனியின் தொழிலாளர்கள் அல்ல, சுயதொழில் செய்கிறவர்கள். அப்படியானால் 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) பதிந்துகொள்ளுங்கள். பங்களிப்பு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் காப்பீட்டு வருமானத்தில் 1.25 விழுக்காடுதான். ஈரமான செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினால் அன்றைய கூலி மட்டும் போகாது, அடுத்து வரும் வாரங்களின் கூலியும் போய்விடும். பதிந்து முடிக்காமல் ரூட்டில் இறங்காதீர்கள்.

2. முகவரியைப் பிரித்துப் படியுங்கள்

‘லாடாங் தென்னமரம், 45600 பெஸ்தாரி ஜெயா’ என்று மட்டும் எழுதிய லேபிள் வரும் (லாடாங் என்றால் தோட்டம்). இதில் தவறு எதுவும் இல்லை. காலம் காலமாகக் கடிதங்கள் தோட்ட ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்துதான் வீடுகளுக்குப் போயின. அந்தப் பழக்கத்தில் மக்கள் இன்னும் அப்படியே எழுதுகிறார்கள். கடிதத்துக்கு அது போதும். வீட்டு வாசலில் கொடுக்க வேண்டிய பார்சலுக்குப் போதாது.

45600 என்ற அஞ்சல் குறியீட்டை நம்பியும் எதையும் கணிக்க முடியாது. டவுன், தாமான்கள் (வீடமைப்புப் பகுதிகள்), கம்போங் (கிராமம்), தோட்டங்கள், யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. ஊர்ப் பெயரும் இரண்டு விதமாக வரும். லேபிளில் பத்தாங் பெர்ஜுந்தை என்று இருந்தால் வேறு ஊர்ப் பார்சல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

காலையில் லாரி வந்து பார்சல்களை இறக்கியதும் ஸ்கேன் செய்துகொண்டே நான்கு குவியலாகப் பிரியுங்கள்:

- ஜாலான் (சாலை) பெயரும் வீட்டு எண்ணும் உள்ள தாமான் பார்சல்கள்
- டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), லயம், கதவு எண் மூன்றும் உள்ள தோட்டப் பார்சல்கள்
- தோட்டப் பெயர் மட்டும் உள்ளவை
- லோட் எண் (நிலத்தின் எண்) மட்டும் உள்ள கம்போங் பார்சல்கள்

மூன்றாவது, நான்காவது குவியல்கள்தான் உங்கள் நாளைத் தின்பவை. முதலில் கவனிக்க வேண்டியதும் அவற்றைத்தான். புதியவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். சுலபமான தாமான் பார்சல்களை வேனில் அடுக்கிவிட்டு, மற்றதை ‘போகிற வழியில் கேட்டுக்கொள்ளலாம்’ என்று ஏற்றிவிடுகிறார்கள். போகிற வழியில் லைன் இருக்காது.

மேப்பில் விழும் புள்ளியை அப்படியே நம்ப வேண்டாம். வெவ்வேறு பெயரில் உள்ள மூன்று நான்கு பார்சல்கள் ஒரே புள்ளியில் விழுந்தால், அது யாருடைய வீடும் இல்லை. முகவரி புரியாமல் ஆப் தானாகவே ஊர் நடுவில் குத்திய புள்ளி. அவற்றை எல்லாம் மூன்றாவது குவியலுக்கு மாற்றுங்கள்.

கதவு எண் இருந்தாலும் டிவிஷன் இல்லை என்றால் அது முழு முகவரி ஆகாது. ஒவ்வொரு டிவிஷனிலும் வீட்டு எண் 1லிருந்து தொடங்கலாம். 5ஆம் நம்பர் வீடு மேல் டிவிஷனிலும் இருக்கும், கீழ் டிவிஷனிலும் இருக்கும்.

பெயரிலும் சிக்கல் வரும். லேபிளில் இருப்பது ஐசி (அடையாள அட்டை) பெயராகவோ ஆப்பில் வைத்த செல்லப் பெயராகவோ இருக்கும். லயத்தில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாது. ‘லாரி ஓட்டுவாரே, அவர் மகள்’ என்றால்தான் தெரியும். கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஆர்டர் போடுவதும் நிறைய நடக்கிறது. பெயர் மகளுடையது, ஃபோன் எண்ணும் மகளுடையது, வீடு மட்டும் அம்மாவுடையது. நீங்கள் கூப்பிடும்போது மகள் ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பார். வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பார்சல் வருவதே தெரியாது. இப்படிப்பட்ட வீடுகளை ஒரு தடவை கண்டுபிடித்ததும், வீட்டில் இருப்பவர் யார், எந்த எண்ணில் பேசலாம் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் ஒரு வீட்டைப் பற்றிய குறிப்பு இப்படி இருக்கட்டும்: ‘மேல் டிவிஷன், 3ஆம் லயம், கோயில் பக்கத்திலிருந்து 4ஆவது கதவு, பச்சைக் கேட், நாய் கட்டியிருக்காது, 2 மணிக்கு மேல் ஆள் உண்டு, அதற்கு முன் பாட்டி.’ அதோடு அந்த இடத்தின் பிளஸ் கோடையும் எழுதுங்கள். கூகுள் மேப்பில் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்தக் குறியீடு வரும். சாலைப் பெயரே இல்லாத இடத்துக்கும் உண்டு. சுமார் 14 மீட்டருக்கு 14 மீட்டர் சதுரத்தைக் காட்டும். லயத்தில் ஒரு வீட்டைத் தனியாகக் காட்டும் அளவுக்குத் துல்லியம் இல்லைதான். ஆனால் சரியான லயத்தின் சரியான முனையில் உங்களை நிறுத்திவிடும், மிச்சத்துக்குப் பச்சைக் கேட் இருக்கிறது.

யார் என்ன வாங்கினார்கள் என்பதை மட்டும் நோட்டில் எழுதாதீர்கள். அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். நோட்டு எங்காவது தவறிவிட்டால் ஒரு குடும்பத்தின் மானம் சம்பந்தப்பட்டதாகவும் ஆகிவிடலாம்.

3. வேன் நகர்வதற்கு முன் செய்தி அனுப்புங்கள்

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை இப்போது பலர் எடுப்பதே இல்லை. பார்சல் என்று சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்களால் வந்த நிலைமை இது. ஏமாந்தால் உடனே கூப்பிட 997 என்று தேசிய மோசடி எதிர்ப்பு மையத்துக்குத் தனி எண் வைக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. அதனால் முதலில் வாட்ஸ்அப் செய்தி, அப்புறம்தான் அழைப்பு.

செய்தியில் லிங்க் எதுவும் இருக்கக் கூடாது. பணம் அனுப்பச் சொல்லக் கூடாது. உங்கள் பெயர், கம்பெனி, பார்சல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வரும் நேரம், ஒரே ஒரு கேள்வி. இப்படி:

‘வணக்கம். நான் ரவி, பார்சல் டெஸ்பேட்ச். உங்கள் பார்சல் 4471 இன்று 2 மணியிலிருந்து 4 மணிக்குள் வரும். வீடு எந்த டிவிஷன், எத்தனையாவது லயம்?’

இரண்டு மூன்று கேள்வியை ஒன்றாகக் கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். முகவரி தெரிந்த வீடாக இருந்தால் ‘அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். நேரத்தையும் ‘மதியம்’ என்று பொதுவாகப் போடாமல் இரண்டு மணி நேர இடைவெளியாகச் சொல்லுங்கள். காலை முழுவதும் ஒருவரைக் காக்க வைத்துவிட்டுச் சாயங்காலம் போய் நின்றால் அடுத்த தடவை உங்கள் செய்தியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் தங்கும் லயங்களில் ஒரே ஃபோன் எண்ணில் பலருக்குப் பார்சல் வரும். அவர்களுக்கு மலாயில் அனுப்புங்கள். ‘ருமா நோம்போர் பெராப்பா?’ (வீட்டு எண் என்ன?) என்று கேட்டு, வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். எழுத்தைவிடப் படம் வேகமாக வந்து சேருகிறது.

நான்கு குவியலுக்கும் செய்தி போன பிறகு ஏற்ற ஆரம்பியுங்கள். ஏற்றி முடிப்பதற்குள் பாதிப் பதில்கள் வந்திருக்கும்.

4. தூரத்தை வைத்து வேண்டாம், நேரத்தை வைத்து வரிசை போடுங்கள்

புதியவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. ‘தோட்டம்தான் தூரம், அதை முதலில் முடித்துவிட்டால் டவுனைச் சாவகாசமாகப் பார்க்கலாம்’ என்று நினைக்கிறார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். காலை 10 மணிக்குத் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். விடியும் முன்பே பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போனவர்கள் குலை வெட்டிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் பலர் ஃபேக்டரி பஸ்ஸில் போயிருப்பார்கள். பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில். லயம் முழுக்கப் பூட்டு. எல்லாப் பார்சலும் ‘ஆள் இல்லை’ என்று பதிவாகி, மறுநாள் மறுபடியும் அதே தூரம் போக வேண்டும்.

ஆப் போட்டுத் தரும் ரூட்டும் தூரத்தைத்தான் குறைக்கும். யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று அதற்குத் தெரியாது. எனவே ஆப்பின் வரிசையை ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பின்பற்றுங்கள். எந்தப் பகுதிக்கு எப்போது போவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இங்கே நன்றாக ஓடும் வரிசை இது:

காலையில் டவுன் கடைகள், கிளினிக், பள்ளி, ஆபீஸ்கள், அப்புறம் பெரியவர்கள் வீட்டில் இருக்கும் தாமான் வீடுகள். மதியம் யுனிசெல். மாணவர்களின் பார்சல்களை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொடுக்க முடிந்தால் அது ஒரே நிறுத்தம். 1.30க்கு மேல் தோட்டம். வெட்டு வேலை முடிந்து ஆட்கள் திரும்பியிருப்பார்கள், பள்ளியும் விட்டிருக்கும். கடைசியில், 5.30க்கு மேல், ஃபேக்டரியிலிருந்து திரும்புகிறவர்களின் தாமான் வீடுகள். வெள்ளிக்கிழமை என்றால் தொழுகை நேரத்தையொட்டி 12.15லிருந்து 2.45 வரை கம்போங் வீடுகளையும் அரசாங்க ஆபீஸ்களையும் ஒதுக்கி வையுங்கள்.

இந்த வரிசைக்கு ஒரு பலவீனம் உண்டு, மழை. மேற்குக் கரையில் பிற்பகலில்தான் இடியோடு கொட்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் நிச்சயம் எதிர்பார்க்கலாம். அதாவது ஆள் இருக்கும் நேரமும் மழை நேரமும் மோதிக்கொள்கின்றன. அந்த மாதங்களில் பாட்டி, தாத்தா இருக்கும் தோட்ட வீடுகளை நோட்டிலிருந்து பொறுக்கி, காலையிலேயே ஒரு சுற்று முடித்துவிடலாம். மீதி வீடுகளுக்கு 1.30க்குப் போகும்போது செம்மண் சாலையில் உள்ள லயங்களை முதலில் முடியுங்கள், தார் சாலையில் உள்ளவை பிறகு. மழை பிடித்தாலும் தார் சாலையில் வேலை நிற்காது.

வரிசை முடிவானதும் ஏற்றுங்கள். கடைசியில் கொடுப்பது முதலில் உள்ளே போக வேண்டும். பார்சலின் எந்தப் பக்கம் வேன் கதவைப் பார்த்து இருக்குமோ அந்தப் பக்கத்தில் மார்க்கரால் வரிசை எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். சின்னப் பிளாஸ்டிக் உறைப் பார்சல்களை ஒரு லயத்துக்கு ஒரு பை என்று கட்டுங்கள். அவை பெட்டிகளுக்கு அடியில் நழுவினால் அரை மணி நேரம் தேட வைக்கும். சிஓடி பார்சல்கள் முன் சீட்டுக்குப் பின்னால், தனியாக. அளவுவாரியாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், எடுக்கும்போதுதான் கஷ்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 பார்சல், ஒவ்வொன்றையும் தேட 30 விநாடி என்று வைத்தால் 40 நிமிடம். மழைக்கு முன் முடிப்பதற்கும் மழையில் மாட்டுவதற்கும் அந்த 40 நிமிடம்தான் வித்தியாசம்.

5. கேட்டும் தோட்டத்துச் சாலையும்

கேட்டில் ஜாகா கேட்கும் விவரத்தை ஒவ்வொரு தடவையும் பொறுமையாக எழுதிக் கொடுங்கள். உள்ளே மெதுவாக ஓட்டுங்கள். குலை ஏற்றிய டிராக்டருக்கும் லாரிக்கும் எப்போதும் வழி விடுங்கள். வெட்டிய குலைகளைக் குவித்து வைக்கும் மேடையை அடைத்து வேனை நிறுத்தாதீர்கள். நீங்கள் ஒரு நிமிடம்தான் என்று நினைப்பீர்கள், அவர்கள் லாரி அங்கே சிக்கிக்கொள்ளும். ஒரு தடவை மேனேஜர் வரைக்கும் புகார் போனால், அதற்குப் பிறகு எந்த டெஸ்பேட்சையும் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். பாதிக்கப்படுவது உள்ளே இருக்கும் குடும்பங்கள்.

தண்ணீர் தேங்கிய செம்மண் சாலையில் வேனை இறக்காதீர்கள். லயத்தின் முனையில் நிறுத்திவிட்டு நடந்து கொடுப்பதே வேகம். ஒரு லயத்துக்கு ஐந்தாறு பார்சல் இருந்தால் மழை இல்லாத நாளிலும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு ஸ்டார்ட் செய்து நகர்த்துவதில்தான் நேரம் போகிறது.

6. வாசலில்

கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுங்கள். நாய் இருக்கும் வீட்டில் நீங்களாகக் கேட்டைத் திறக்கக் கூடாது. ‘அக்கா, பார்சல்!’ என்று சொல்லிவிட்டு, லேபிளில் உள்ள பெயரை நீங்கள் முந்திச் சொல்லாமல் ‘யார் பேரில் வந்திருக்கும்?’ என்று கேளுங்கள். நீங்கள் பெயரைச் சொன்னால் அவசரத்தில் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்தால் தவறான வீட்டில் கொடுப்பது அங்கேயே நின்றுவிடும்.

படம் எடுக்கும்போது பார்சல், கதவு எண், வாசல் மூன்றும் தெரிய வேண்டும். பார்சலை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் எதற்கும் உதவாது. எல்லா வாசல் தரையும் ஒரே மாதிரி சிமெண்ட்தான். அந்தப் படத்தைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். லேபிளில் பெயரும் ஃபோன் எண்ணும் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அது உங்கள் கம்பெனிக்கே சிக்கல் தரும்.

சிஓடி பார்சலில் தேதியைப் பாருங்கள். 1955 வேலைச் சட்டத்தின்படி ஒரு மாதச் சம்பளத்தை, அந்த மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தோட்டத்தில் 7ஆம் தேதி வாக்கில்தான் கையில் பணம் புரளும். ஆனால் ஆன்லைன் கடைகளின் சம்பள நாள் சேல் 25ஆம் தேதியை ஒட்டி வருகிறது. அது ஆபீஸ் சம்பளக்காரர்களுக்கான கணக்கு. அந்தப் பார்சல்கள் 1ஆம் தேதியிலிருந்து 5ஆம் தேதிக்குள் இங்கே வந்து சேரும், தோட்டத்தில் பணம் இல்லாத சரியான நாட்களில். ‘வேண்டாம்’ என்று சொல்கிறவர் பெரும்பாலும் பொருளை வேண்டாம் என்று சொல்லவில்லை. மரியாதையாக, மற்றவர் காதில் விழாமல், ‘சம்பளம் போட்டதும் கொண்டு வரவா அண்ணே?’ என்று கேளுங்கள். உங்கள் கம்பெனி எத்தனை நாள் பார்சலை வைத்திருக்க விடுகிறதோ அதற்குள் தேதி மாற்றிக் கொடுங்கள். தலை குனிய வைத்து ‘வாங்க மறுத்தார்’ என்று அடித்துவிட்டால் அந்த வீட்டில் அடுத்த பார்சலுக்கும் கதவு திறக்காது.

யாரும் ஆர்டர் செய்யாமலேயே சிஓடி பார்சல் வருவதும் நடக்கிறது. வீட்டில் இருக்கும் பாட்டி ‘பேரன் வாங்கியிருப்பான்’ என்று பணத்தை எடுத்துவிடுவார். பணம் வாங்கும் முன் பேரனையோ மகளையோ கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நமக்கு ஒரு டெலிவரி குறைந்தாலும் பரவாயில்லை.

7. ஆள் கிடைக்காவிட்டால்

வரிசையாகச் செய்யுங்கள்: வாட்ஸ்அப், அழைப்பு, இரண்டு நிமிடக் காத்திருப்பு. பதில் வந்து, அவர் அனுமதித்தால் மட்டும் பக்கத்து வீட்டிலோ கடையிலோ கொடுங்கள், வாங்கியவர் பெயரைச் செய்தியில் எழுதி அனுப்புங்கள். அனுமதி இல்லாமல் கொடுத்த பார்சல் தொலைந்தால் இரண்டு வீட்டுக்கும் சண்டை, ஒரே லயத்தில் வாழும் அவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வாசலுக்குப் போகாமலேயே மெயின் ரோட்டிலிருந்து ‘ஆள் இல்லை’ என்று அடிப்பதைச் சிலர் கெட்டிக்காரத்தனம் என்று புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். அந்தப் பார்சல் மறுநாள் உங்கள் வேனிலேயே ஏறும், கூடவே புகாரும் ஏறும். அதைவிட முக்கியம், வேலைக்கு அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்தவர் அங்கே இருக்கிறார்.

காரணத்தைச் சரியாகப் பதியுங்கள். முகவரி தவறு வேறு, ஆள் இல்லை வேறு, பணம் இல்லை வேறு, சாலை போகவில்லை வேறு. எல்லாவற்றையும் ‘ஆள் இல்லை’ என்று அடித்தால், நாளைக்கு அதே பார்சலை எடுப்பவருக்கு எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரியாது.

8. ரிட்டர்ன் எடுப்பது

இரண்டு வகை ரிட்டர்ன் உண்டு. கொடுக்க முடியாமல் அனுப்பியவருக்கே திரும்புவது ஒன்று. வாங்கியவர் பொருள் சரியில்லை என்று திருப்புவது இன்னொன்று. முதல் வகைக்கு 7ஆம் படியில் பதிந்த காரணம் சரியாக இருந்தால் போதும். இரண்டாவதில்தான் நுணுக்கம் இருக்கிறது.

செய்தி அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்: பொருளைப் பெட்டியில் போட்டு ஒட்டி வைக்க வேண்டும், ரிட்டர்ன் எண்ணையோ கியூஆரையோ ஃபோனில் எடுத்து வைக்க வேண்டும். சொல்லாமல் போனால் வாசலில் சட்டையை வெறுங்கையில் நீட்டுவார்கள். அப்போதுதான் உங்கள் பிளாஸ்டிக் பையும் டேப்பும் வேலைக்கு வரும்.

வாசலில் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் ஆப்பில் உள்ள ரிட்டர்ன் எண்ணும் உங்கள் லிஸ்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு ரிட்டர்ன் இருந்தால் மாறிவிடும். அடுத்து, பெட்டியில் உள்ள பழைய லேபிளை மார்க்கரால் முழுக்க அடித்துவிடுங்கள், அல்லது அதன் மேலேயே புது லேபிளை ஒட்டுங்கள். பார்சல் வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். பழைய பார்கோடு தெரிந்தால் ஹப்பில் (பார்சல் பிரிக்கும் மையத்தில்) உள்ள ஸ்கேனர் அதைப் படித்துவிடும், பெட்டி மறுபடியும் இதே வீட்டுக்கு வந்து நிற்கும். இந்த ஒரு தவறால் சுற்றி வரும் ரிட்டர்ன்களே அதிகம்.

பிறகு கேளுங்கள்: உள்ளே பவர்பேங்க், பேட்டரி, வாசனை ஸ்ப்ரே, திரவம் ஏதாவது உண்டா? இவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, சபா, சரவாக்குக்கு விமானத்தில் போவதாக இருந்தால் இன்னும் கடுமை. பெட்டியின் அளவையும் பாருங்கள். சின்னப் பொருளைப் பெரிய பெட்டியில் போட்டால் அளவை வைத்தே எடை கணக்காகும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பல கூரியர்களின் வழக்கம். 40க்கு 30க்கு 30 என்ற பெட்டி காலியாக இருந்தாலும் 7.2 கிலோ ஆகிவிடும். வெற்றிடம் அதிகம் என்றால் பெட்டியை வெட்டி மடித்துச் சின்னதாக்கலாம்.

ஒட்டிய பெட்டியையும் புது லேபிளையும் படம் எடுங்கள். அங்கேயே, வாசலிலேயே ஸ்கேன் செய்யுங்கள். லைன் இல்லை என்றால் கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, லைன் வந்த முதல் இடத்தில் வேனை நிறுத்தி ஸ்கேன் செய்யுங்கள். அவர்களுக்கு ரிட்டர்ன் செய்யக் கடைசி நாள் என்று ஒன்று ஆப்பில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் பெட்டியை எடுத்த நேரத்தைக் காட்ட அந்த ஸ்கேன்தான் சாட்சி. பெட்டியை எடுத்துக்கொண்டு ‘ஆபீஸில் போய் அடிக்கிறேன்’ என்று போய், மறந்து, மறுநாள் அடித்தால் ஒருவருடைய பணம் போகலாம்.

வேனில் ரிட்டர்னுக்குத் தனிச் சாக்கு, வேறு நிறம், ஓட்டுநர் சீட்டுப் பக்கம். கொடுக்காத பார்சல்களோடு கலந்தால் மறுநாள் காலை மறுபடியும் டெலிவரிக்கு ஏறிவிடும். ரிட்டர்னை ஒவ்வொரு பகுதியின் கடைசி நிறுத்தமாக வையுங்கள். முதலில் எடுத்தால் இன்னும் கொடுக்காத பார்சல்களை அது மறைக்கும்.

9. சாயங்காலக் கணக்கு

வேனைக் காலி செய்து மூன்றையும் எண்ணுங்கள்: கொடுத்தவை, திரும்பியவை, ரிட்டர்ன். கூட்டல் காலையில் ஏற்றியதோடும் எடுத்ததோடும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராவிட்டால் அன்றைக்கே தேடுங்கள், சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிஓடி பணத்தை உங்கள் சொந்தப் பணத்தோடு ஒரே பையில் வைக்காதீர்கள். கியூஆரில் வாங்கும்போதும் கம்பெனி கொடுத்த கியூஆர் மட்டும்தான். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கினால் நல்ல எண்ணத்தில் வாங்கியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

10. ஏஜெண்டுக்கும் மேற்பார்வையாளருக்கும்

ஒருவர் நன்றாக வேலை செய்கிறாரா என்று பார்க்க, கொடுத்த மொத்தப் பார்சலை மட்டும் எண்ணாதீர்கள். தாமான் ரூட்டில் ஒரே தெருவில் பத்து வீடு. தோட்ட ரூட்டில் பத்து வீட்டுக்கு மூன்று டிவிஷன் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் தோட்ட ரூட்டுக்குப் போகும் நல்ல ஆட்களைத்தான் முதலில் இழப்பீர்கள். முதல் தடவையிலேயே கொடுத்தது எவ்வளவு, திரும்பியதில் முகவரித் தவறு எவ்வளவு, ரிட்டர்ன் ஸ்கேன் அன்றைக்கே விழுந்ததா, இந்த மூன்றையும் ரூட்வாரியாகப் பாருங்கள்.

ரூட்டை அடிக்கடி மாற்றாதீர்கள். நோட்டும் ஆட்களின் பழக்கமும் சேர்ந்துதான் இந்த வேலையில் வேகம். ஆள் மாறியே ஆக வேண்டும் என்றால், புதியவரைப் பழையவரோடு சில நாள் ஒரே வேனில் அனுப்புங்கள். முதல் நாள் அவர் ஓட்ட வேண்டாம். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, அந்த வீட்டுப் பெரியவரிடம் தன் பெயரைச் சொல்லி வரட்டும்.